வீட்டுக்கு ஒரு காது

மார்ச் 4, செவ்வாய்

ஆலையில் அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். அடுத்த திங்கள் தகடு அடிக்கிற பிரஸ் லைன் ஆட்களுக்குக் காது சோதனை. ஷிப்ட் தொடங்கும் முன்பே முதலுதவி அறைக்கு வந்துவிட வேண்டும். அதற்கு முந்தின நாள் முழுக்கச் சத்தமான இடத்தில் இருக்கக் கூடாதாம்.

"அப்ப நான் வீட்டுலயே இருக்கக் கூடாதே" என்றான் சோடாபுட்டி. லைனே சிரித்தது. எனக்கு அடுத்த பிரஸ் அவனுடையது. தடிமனான கண்ணாடி, அதைவிடத் தடிமனான நாக்கு. இரண்டு பேரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். புதிதாக வருகிறவர்கள் எங்களை அண்ணன் தம்பி என்றே நினைப்பார்கள்.

இதுவரை காது சோதனை என்றால் கம்பவுண்டர் முதுகுக்குப் பின்னால் நின்று "கேக்குதா?" என்பார். "கேக்குது" என்போம். முடிந்தது. இப்போது பெட்டி வந்திருக்கிறதாம், அதோடு ஒரு மேடமும். அதற்குள் பெயர் வைத்துவிட்டார்கள் - காது மேடம்.

மார்ச் 6, வியாழன்

பாதுகாப்பு அதிகாரி இன்று சுற்றி வந்தார். வழக்கம்போல முதல் பிரஸ்காரன் தன் மெஷின் விளக்கை அணைத்து அணைத்துப் போட்டான். அதைப் பார்த்து அடுத்தவன், அவனைப் பார்த்து நான். அதிகாரி எங்களிடம் வந்து சேர்வதற்குள் எல்லார் காதிலும் இரண்டு பக்கமும் பஞ்சு. அவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். நாங்களும் காட்டினோம். அவர் போனதும் இடது காதுப் பஞ்சு மறுபடி சட்டைப் பைக்குள்.

பஞ்சு என்பது எங்கள் பேச்சு. உண்மையில் அது மஞ்சள் நிறத்தில் சின்னத் தக்கை. உருட்டி உள்ளே விட்டால் ஊதிக்கொண்டு அடைத்துக்கொள்ளும்.

இதை வெளியாள் யாரிடமாவது சொன்னால் பைத்தியக்காரர்கள் என்பான். எங்கள் லைனில் யாரும் இரண்டு காதையும் அடைக்க மாட்டோம். தகட்டை அடித்து வடிவமாக்குகிற அச்சு, அதாவது டை, இருப்பது இடது கைப் பக்கம். அது சில்லு சில்லாகப் பெயரத் தொடங்கினால் அடியின் சத்தம் லேசாக மாறும், அடைத்த காதுக்கு அது எட்டாது. எட்டாவிட்டால் டை உடையும். உடைந்தால் மெமோ. முன்பு ஒருவன் விதிப்படி இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு ஓட்டினான், டை இரண்டாகப் பிளந்தது. அவனை லோடிங்குக்குத் தூக்கி அடித்தார்கள். பஞ்சு போட்டிருந்தான் என்று யாரும் அவனைக் கொஞ்சவில்லை.

ஃபோர்மேன் ஒருநாளும் பஞ்சைக் கழற்று என்று சொன்னதில்லை. அவ்வளவு லேசுப்பட்ட ஆளா அவர்? "மெஷினைக் கேட்டு ஓட்டுங்கப்பா" என்பார். அவ்வளவுதான். மிச்சத்தை நாங்களே கண்டுபிடித்தோம். ஒரு காது மெஷினுக்கு, ஒரு காது வீட்டுக்கு. லைனுக்குப் புதிதாக வருகிறவனுக்கு முதலில் சொல்லித் தருவது இதைத்தான்.

மார்ச் 10, திங்கள்

சோதனை முடிந்தது.

பெட்டி என்பது குளியலறை அளவு கூடு. உள்ளே ஒரு நாற்காலி, முன்னால் சின்னக் கண்ணாடி ஜன்னல். தலையில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார் காது மேடம். எவ்வளவு மெல்லிசாகக் கேட்டாலும் அழுத்துங்கள் என்றார். முப்பது வயசு இருக்கும். பேச்சு கறார்.

கீச் கீச் என்று கேட்டது, அழுத்தினேன். குருவி மாதிரி, விசில் மாதிரி, கொசு மாதிரி. எல்லாவற்றுக்கும் அழுத்தினேன். அப்புறம் ஓய்ந்துவிட்டது. சரி, முடிந்தது, தேறிவிட்டோம் என்று உட்கார்ந்திருந்தேன். ஜன்னல் வழியாக மேடத்தைப் பார்த்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கை மட்டும் எதையோ திருகிக்கொண்டே இருந்தது.

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. முடியவில்லை. இடது காதுக்கு நடந்துகொண்டிருக்கிறது.

மார்ச் 11, செவ்வாய்

வீட்டில் சொல்லவில்லை.

மார்ச் 12, புதன்

சொல்லிவிட்டேன். ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று மேடம் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தபிறகு எப்படி மறைப்பது? ஒரு காது மட்டும் இப்படிப் போனால் தலைக்குள் கட்டி கிட்டி இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டுமாம்.

வீட்டுக்காரி கரண்டியை அப்படியே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். பாப்பா போனில் எதையோ தேடிப் படித்துவிட்டு, "அப்பா, பயப்படாதீங்க, நிறைய பேருக்கு ஒண்ணும் இருக்காதாம்" என்றாள். கல்லூரியில் கால் வைத்து ஒரு வருடம் ஆகவில்லை, எனக்குத் தைரியம் சொல்கிறாள். பயமில்லை என்று சொன்னேன். பச்சைப் பொய்.

மார்ச் 17, திங்கள்

கட்டி கிட்டி ஒன்றும் இல்லை. வீட்டுக்காரி ஆஸ்பத்திரி வாசலிலேயே அழுதாள். சந்தோஷத்தில்தான். நானும் ஒரு முட்டாள், இத்தோடு தொலைந்தது என்று நினைத்தேன்.

மார்ச் 19, புதன்

ஆலை டாக்டர் கூப்பிட்டார். வலது காது நன்றாக இருக்கிறது, இடது காது போய்விட்டது, இனிப் பிரஸ் லைனில் நிற்கக் கூடாது என்றார். அதுகூடப் பரவாயில்லை. அடுத்து ஒன்று சொன்னார் பாருங்கள்.

"சத்தத்துல போற காது ரெண்டும் சேர்ந்துதான் போகும். ஒண்ணு மட்டும் போச்சுன்னா அது உங்க உடம்பு சமாச்சாரம். வேலையால வந்ததில்ல."

காது என்ன ஜோடிச் செருப்பா, ஒன்று போனால் மற்றதும் போக? வாய் வரைக்கும் வந்தது, மென்று முழுங்கினேன்.

இதில் என் பிழைப்பே இருக்கிறது. வேலையால் போனது என்று முடிவானால் டூல் ரூமுக்கு மாற்றுவார்கள். அதே கிரேடு, சத்தமில்லாத இடம், ஓய்வு வரை ஓட்டலாம். வேலையால் இல்லை என்றால் உடல் தகுதி இல்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அடுத்த வியாழன் விசாரணை.

வெளியே வந்தபோது காது மேடம் வராந்தாவில் நின்றிருந்தார். மெதுவாகக் கேட்டார்: "உங்க லைன்ல எல்லாருக்குமே இடது காது குறையுது. ஒருத்தருக்குக் கொஞ்சம், ஒருத்தருக்கு நிறைய. நீங்க எல்லாரும் ஒரு வயித்துல பொறந்தவங்களா?"

நான் தரையைப் பார்த்தேன்.

"பஞ்சைக் கழட்டினீங்கன்னா சொல்லிடுங்க. மெமோ குடுப்பாங்க. ஆனா காது வேலையிலதான் போச்சுன்னு அவங்க ஒத்துக்கிட்டுத்தான் ஆகணும், விதி அப்படி. உங்க வாயால வந்தாத்தான் நான் எழுத முடியும்."

யோசிக்கிறேன் என்றேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? சொல்லிவிட வேண்டியதுதான்.

மார்ச் 23, ஞாயிறு

சோடாபுட்டி வந்தான். கையில் பழம், பாப்பாவுக்குப் பேனா. வந்த உடனேயே தெரிந்துவிட்டது, சும்மா வரவில்லை.

"மாப்ள, நீ சொன்னா உன்னோட போகாதுடா. லைன் மொத்தத்தையும் கூப்பிட்டு உக்கார வைப்பாங்க. ஆளுக்கொரு மெமோ. சார்ஜ்மேன் போஸ்டுக்கு என் பேரு போயிருக்கு, ஒனக்கே தெரியும். மெமோ வந்தா என் பேரை அடிச்சிடுவாங்க."

எனக்கு வேலையே போகுதேடா என்றேன்.

"எங்க போகும்? நாங்க இத்தனை பேர் இருக்கோம். லைனோட போய் ஃபோர்மேன்கிட்ட நிக்கறோம். டூல் ரூம்ல உன்னை உக்கார வைக்கிறது என் பொறுப்பு. நீ வாயை மட்டும் தொறக்காத."

என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினான். அந்தத் தடிக் கண்ணாடிக்குப் பின்னால் கண் கலங்கினால் முகமே கலங்கின மாதிரி இருக்கும். சரி என்று சொல்லிவிட்டேன்.

அவன் போனபிறகு வீட்டுக்காரி உள்ளேயிருந்து வந்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். "ஊருக்கெல்லாம் நல்லவரா இருந்து இதுவரைக்கும் என்னத்தக் கண்டீங்க?" என்றாள். அவன் அப்படிப்பட்டவன் இல்லை என்றேன்.

மார்ச் 27, வியாழன்

விசாரணை. பணியாளர் அதிகாரி, ஆலை டாக்டர், ஃபோர்மேன் மூன்று பேரும் மேசைக்குப் பின்னால். மூலையில் காது மேடம்.

"வேலை நேரத்துல ரெண்டு காதிலும் அடைப்பான் போட்டிருந்தீங்களா?"

"போட்டிருந்தேன் சார்."

"எப்பவாவது கழட்டினது உண்டா?"

"இல்ல சார்."

ஃபோர்மேன் தன் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன அழகு நகமோ!

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். யாரும் கேட்காமலே நானாக ஒன்றைச் சேர்த்தேன் - "சின்ன வயசுலேருந்தே அந்தக் காது கொஞ்சம் மந்தம் சார்." ஏன் சொன்னேன்? பொய் சொல்வதென்றால் உருப்படியாகச் சொல்வோம் என்றா? கேட்ட உடனே டாக்டர் முகத்தில் ஒரு வெளிச்சம். எழுதிக்கொண்டார். காது மேடம் பேனாவை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டார். என்னைப் பார்க்கக்கூட இல்லை.

எங்கம்மா இருந்திருந்தால் செருப்பால் அடித்திருப்பாள். குறையில்லாமல் பெற்று அனுப்பினாள், நான் பிறவிச் செவிடு என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

ஏப்ரல் 2, புதன்

வேலையால் ஏற்பட்டதல்ல. தகுதியின்மை. வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

லைனோடு போய் நிற்கிறோம் என்றார்களே, போனார்களா என்று சோடாபுட்டியிடம் கேட்டேன். "போனோம்டா, அவர் லீவு" என்றான். ஃபோர்மேன் அவனுக்குப் பின்னாலேயே டீ குடித்துக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் 4, வெள்ளி

சட்டைப் பையில் கிடந்த பஞ்சைக் குப்பையில் போட்டேன். லைனில் சேர்ந்து ஒரு சுவர்க் கடிகாரம் வாங்கிக் கொடுத்தார்கள். இனி நேரம் பார்த்து எங்கே போகப் போகிறேன்?

ஏப்ரல் 20, ஞாயிறு

யாரும் வரவில்லை. போனும் இல்லை.

மே 17, சனி

ஒரு குடியிருப்பில் காவலாளி வேலைக்குப் போய்ப் பார்த்தேன். மேனேஜர் நல்லவர் மாதிரிதான் பேசினார். வண்டி வரும் திசை தெரியுமா என்று சோதித்தார். என்னைத் திரும்பி நிற்க வைத்துக் கை தட்டினார். கேட்டது. எங்கிருந்து என்று தெரியவில்லை. ஒரு காது மட்டும் இருந்தால் எல்லாச் சத்தமும் ஒரே பக்கத்திலிருந்துதான் வரும், அது அவருக்கு எப்படித் தெரியும்? "வேற எங்கயாவது பாருங்க அண்ணே" என்றார்.

வீட்டுக்கு ஒரு காது என்று வைத்துக்கொண்டோமே, அதன் லட்சணம் இது. நாலு பேர் சேர்ந்து பேசினால் அதுவும் கேட்பதில்லை. பாப்பாவின் தோழிகள் வந்திருந்தார்கள், ஏதோ சொன்னார்கள், எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பாப்பா என்னைப் பார்த்த பார்வையிலிருந்து அது சிரிக்கிற விஷயம் இல்லை என்று தெரிந்தது.

வீட்டுக்காரி ஒரு தையல் கடைக்குப் போகத் தொடங்கிவிட்டாள். என்னைக் குத்திக் காட்டுவதில்லை. காட்டினால்கூடத் தேவலை.

ஜூன் 8, ஞாயிறு

வந்தான்! பழத்தோடு வந்தான்!

சார்ஜ்மேன் வேலையை வேறு பிரிவு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்களாம். அது முடிந்து மறு மாதம் காது மேடம் லைனை மறுபடி சோதித்திருக்கிறார். இவனுக்கும் இடது காது போய்விட்டது. அதே டாக்டர், அதே பாட்டு - உங்கள் உடம்பு சமாச்சாரம். இவன் என்ன செய்தான்? என்னைப் போல வாயைப் பொத்திக்கொண்டு இருந்தானா? நேரே மேடத்திடம் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். விளக்கு அணைப்பது, சட்டைப் பை, ஒரு காது மெஷினுக்கு, எல்லாம்.

லைனில் எவனும் அதற்குச் சாட்சி சொல்லவில்லை. எல்லாரும் ரெண்டு காதிலும் பஞ்சு போட்டுத்தான் ஓட்டுகிறோம் என்று சத்தியம் பண்ணுகிறார்களாம். சாட்சிக்கு ஒரு ஆளாவது வேண்டும்.

"நீ வந்து சொல்லேன் மாப்ள. நீதான் வெளிய போயிட்டியே. உனக்கு இனி என்ன பயம்?"

அப்படியே அந்தக் கண்ணாடியைப் பிடுங்கித் தரையில் போட்டு மிதிக்கலாமா என்று வந்தது. உன்னாலதானடா வெளிய போனேன்! உன் சார்ஜ்மேன் வேலைக்காகத்தானடா என்னைப் பொறவிச் செவிடாக்கின! இத்தனை நாள் ஒரு போன் பண்ணினியா? என் வீட்டுக்காரி ஊரான் துணியைத் தைக்கிறாடா இப்ப!

கத்திவிட்டேன். பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. எனக்கே என் குரல் எவ்வளவு சத்தம் என்று தெரிவதில்லை இப்போது.

"நான் பண்ணது தப்புதான்" என்றான். சொல்வது சுலபம்தானே.

ஜூன் 10, செவ்வாய்

"போகக் கூடாது" என்கிறாள் வீட்டுக்காரி. "அவன் கழுத்து மாட்டினதும் உங்க ஞாபகம் வந்துச்சா? உங்களுக்கு மானம் ரோஷம் ஒண்ணும் கெடையாதா?"

இருக்கிறது. அதனால்தான் போகலாம் என்று நினைக்கிறேன். அவனுக்காக இல்லை, அவன் எக்கேடு கெட்டால் எனக்கென்ன. அந்த மேசைக்கு முன்னால் உட்கார்ந்து என் காதைப் பற்றிப் பொய் சொன்னேன், அதே மேசைக்கு முன்னால் உண்மையைச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் சாகிற வரை அது என் தொண்டையிலேயே நிற்கும். அதோடு காது மேடம் சொன்ன விதி இருக்கிறதே. ஒருவேளை என் முடிவையும் மாற்றினால்?

இந்த ஒருவேளையை விடமாட்டேன் என்கிறது மனசு. ஆசை.

ஜூன் 12, வியாழன்

வாசலில் பார்வையாளர் அட்டை கொடுத்தார்கள். காவலாளி, தினமும் எனக்கு வணக்கம் சொன்ன அதே ஆள், ஒரு ஜோடிப் பஞ்சை நீட்டினார். "ரெண்டு காதிலயும் போடுங்கண்ணே. லைன் வழியாத்தான் போகணும். இப்ப ரொம்ப ஸ்ட்ரிக்ட்." போட்டேன். குனிந்து இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டார்.

என் பிரஸ்ஸில் யாரோ நின்றுகொண்டிருந்தான். கை மேலும் கீழும் போகிறது, டை இறங்குகிறது, தரை அதிர்கிறது, சத்தம் மட்டும் இல்லை. எங்கோ தூரத்தில் யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி இருந்தது. இவ்வளவுதானா? இவ்வளவு சுலபமாக அடைத்துவிடலாமா அதை? இத்தனை வருடம் இந்தத் துண்டுப் பஞ்சைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன்.

அவன் இடது காதைப் பார்த்தேன். பஞ்சு இல்லை. என்னைக் கண்டதும் அதிகாரி என்று நினைத்துப் பைக்குள் கை விட்டான்.

மேசைக்குப் பின்னால் அதே மூன்று பேர். எல்லாவற்றையும் சொன்னேன். மெஷினைக் கேட்டு ஓட்டச் சொன்னது யார் என்றும் சொன்னேன். ஃபோர்மேனுக்கு இன்று நகம் பார்க்க நேரமில்லை, வேர்வை துடைத்துக்கொண்டிருந்தார். மேடம் எழுதிக்கொண்டே இருந்தார்.

"அப்ப போன தடவை ஏன் மாத்திச் சொன்னீங்க?" என்றார் பணியாளர் அதிகாரி.

சோடாபுட்டி பக்கத்து நாற்காலியில் இருந்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினான். இவன் கெஞ்சித்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விசாரணையில் பொய் சொல்ல வைத்தவன் என்று ஆகிவிடும், காதும் போய் வேலையும் போய் நடுத்தெருவில் நிற்பான். சொல்லலாம். நாக்கு நுனியில் இருந்தது.

"புத்தி இல்ல சார் எனக்கு" என்றேன்.

அது உண்மையும்தான்.

ஜூன் 25, புதன்

காது மேடம் போன் பண்ணினார். சோடாபுட்டிக்கு வேலையால் ஏற்பட்டது என்று முடிவாகிவிட்டது. டூல் ரூம், அதே கிரேடு. ஜன்னலோரத்து மேசையாம். லைனில் எல்லாருக்கும் மறுபடி விசாரணை வைக்கிறார்கள், பிரஸ்ஸைச் சுற்றிச் சத்தம் தடுக்கும் கூண்டு கட்டப் போகிறார்கள்.

என் விஷயம் என்ன ஆச்சு மேடம் என்றேன்.

வேலையிலிருந்து விடுவித்தவருடைய முடிவைத் திரும்ப எடுக்க இடமில்லையாம். சின்ன வயசிலிருந்தே மந்தம் என்று நானே சொன்னதாக எழுத்தில் இருக்கிறதாம். "நான் எவ்வளவோ பேசிப் பார்த்தேன்" என்றார். அவர் குரல் உடைந்தது. நான்தான் அவரைத் தேற்ற வேண்டியிருந்தது. பரவாயில்லை மேடம், விடுங்க மேடம் என்றேன்.

பரவாயில்லையா? வயிறு எரிகிறது. அவன் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து நன்றாக இருக்கட்டும் என்று எழுத வரவில்லை. எழுதமாட்டேன்.

ஜூன் 26, வியாழன்

பழத்தோடு வந்து மணி அடித்தானாம். வீட்டுக்காரி கதவைத் திறக்கவில்லை. வலது காதைத் தலையணையில் வைத்துப் படுத்திருந்தேன், எனக்கு மணி கேட்கவில்லை.

ஜூலை 3, வியாழன்

சைக்கிள் உதிரிபாகக் கடை ஒன்றில் ஆள் தேவை என்று பாப்பா பார்த்துவிட்டு வந்து சொன்னாள். போனேன். நீளமான கடை, பின்னால் கிடங்கு, கூரை வரைக்கும் டயர். கடைக்கார அம்மா அட்டைப் பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். உள்ளே வரச் சொல்லி, சாமான் இருக்கிற இடங்களைக் காட்டிக்கொண்டே முன்னால் நடந்தார். ஓர் இடத்தில் நின்று என் முகத்தையே பார்த்தார். ஏதோ கேட்டிருக்கிறார், நான் பதில் சொல்லவில்லை.

"காது கேக்காதா?"

போச்சு, இதுவும் போச்சு என்று நினைத்தேன். "இடது காது கேக்காதும்மா."

"என்ன ஆச்சு?"

"பிரஸ்ல வேலை பார்த்தேன். சத்தத்துல போயிடுச்சு."

"அட பாவமே. சத்தம்னா சும்மாவா" என்று சொல்லிவிட்டு எனக்கு வலது பக்கமாகச் சுற்றி வந்தார். "செயின் எல்லாம் இந்த வரிசை, பெடல் அடுத்தது" என்று விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

அவ்வளவுதான். ரெண்டு காதும் ஏன் போகலை என்று கேட்கவில்லை. பஞ்சு போட்டீர்களா என்று கேட்கவில்லை. சொன்னேன், நம்பிவிட்டார். டயர் அடுக்குக்குப் பின்னால் போய் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தேன். தூசி என்று நினைத்திருப்பார்.

நாளை காலை கடை திறக்கும்போது வரச் சொல்லியிருக்கிறார்.